தாராபுரத்தில் ஒரு டிகிரி

கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று போடக்கூடாது என்று லோகப்பிரியா சொன்னபோது, காரமடை வீட்டில் கூடியிருந்த ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் முடித்திருந்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பிறகு பகுதிநேரமாக பி.இ. சேர்ந்தாள். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் அது பாதியில் நின்றுபோனது.

"பாதி படிச்சாச்சுங்கல்ல அம்மணி. போட்டா யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"யாரும் கேக்க மாட்டாங்கங்க மாமா. ஆனா நான் முடிக்கலீங்களே."

அவளுடைய அம்மா கண்ணாலேயே அதட்டினாள். லோகப்பிரியா அசையவில்லை. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை கிருபாசங்கர் போன் செய்தான். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். "ஏனுங்க, ரெண்டு எழுத்துக்கா இத்தன ரகளை?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே சிரித்துவிட்டு, "நான் டிப்ளமோன்னே அடிக்கச் சொல்லிப்போட்டேன். எங்கப்பன் ஒரு வாரம் பேச மாட்டாரு, அவ்வளவுதான்" என்றான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டதாக அவள் பின்னாளில் சொல்வதுண்டு.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு, இல்லாததை இருப்பதாக அச்சடிக்கும் ஒரு பெட்டியோடு வேலை செய்ய வாய்த்தது.

காளப்பட்டிப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனி, கிணற்று மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்தது. பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு. மோட்டாரின் சூட்டை ஒரு சென்சார் அளக்கும். சூடு அதிகமானாலோ, சென்சாரிலிருந்து தகவல் வராமல் போனாலோ பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும். அவ்வப்போது சிம் கார்டு வழியாக ஆபீசுக்கு ஒரு வரி லாக் அனுப்பும். பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது, மோட்டார் எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்று.

கம்பெனியை நடத்தியவர் சசிதர். வார்ப்படப் பட்டறையில் தொடங்கி மோட்டாருக்கு வந்த குடும்பம். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். கெட்டவர் இல்லை, எதற்கும் நேரம் இல்லாதவர். லோகப்பிரியா முதலில் டெஸ்ட் பெஞ்சில்தான் சேர்ந்தாள். வரும் போர்டுகளை ஓட்டிப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது வேலை. அங்கே இருந்துகொண்டே, லினக்ஸின் மைய நிரலான கெர்னல் கோடு படித்துப் பழகினாள். மூன்று வருஷம் கழித்து, சென்சார் போன்ற கருவிகளோடு பேசும் 'டிரைவர்' நிரல் எழுதும் குழுவுக்கு மாற்றினார்கள்.

மாறி வந்த முதல் வாரமே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைல் கோப்பில், அச்சிடும் வரிகளைப் பற்றிய எந்த வார்னிங்கையும் காட்ட வேண்டாம் என்று கம்பைலருக்கு ஓர் உத்தரவு எழுதியிருந்தது.

"இத யாரு வெச்சது?" என்று பக்கத்து சீட் ஹுமேராவிடம் கேட்டாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்குப்பா. எடுத்துப் பாரேன், ஸ்கிரீன் பூரா வார்னிங்கா ஓடும்."

லோகப்பிரியா எடுத்துப் பார்த்தாள். ஓடியது. இருநூற்றுச் சொச்சம்.

கெர்னலில் ஓர் எண்ணை எழுத்தாக அச்சிட வேண்டுமானால், வரப்போவது எந்த வகை எண் என்று அச்சு வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண முழு எண் என்றால் %d. அதைவிட இரட்டிப்பு அகலமான, கழித்தல் குறி வராத எண் என்றால் %llu. நினைவகத்தில் ஒரு பொருளின் அளவு என்றால் %zu. சொன்ன வகையும் கொடுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்பைலர் எச்சரிக்கும். எச்சரிக்கையோடு சரி, வேலையை நிறுத்தாது. அந்த எச்சரிக்கையின் வாயைத்தான் யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள்.

மற்ற வேலைகளுக்கு நடுவே அவள் ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியிலும் அந்த எண் எங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறது, என்ன வகை, பழைய போர்டில் எவ்வளவு அகலம், அப்போது தயாராகிக்கொண்டிருந்த புது போர்டில் எவ்வளவு அகலம் என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஹுமேரா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாத்துக்கும் முன்னாடி int-னு, சாதா முழு எண்ணுன்னு ஒண்ணு போட்டு மாத்திட்டா வார்னிங் போயிருமே?"

"வார்னிங் போயிரும். பெரிய எண்ணு வந்தா பாதி வெட்டுப்படும். அப்பறம் தப்புன்னு சொல்லக்கூட ஆளிருக்காது."

திருத்தியதை சசிதருக்கு அனுப்பினாள். அவர் அன்றே திருப்பி அனுப்பினார். அவருடைய அறைக்குப் போய் நின்றாள்.

"ஓடறதைத் தொடாதீங்க லோகா. வெறும் அச்சு வரிதானே? மோட்டார் ஓடணும், நிக்க வேண்டிய நேரத்துல நிக்கணும். அது சரியா நடக்குது."

"அந்த அச்சைப் பாத்துத்தானுங்க சார் சர்வீஸ்காரங்க முடிவு எடுக்கறாங்க."

"புது போர்டு வேலை கழுத்தைப் பிடிக்குது. அது முடியட்டும், பாக்கலாம்."

அடுத்த வாரம் மறுபடி அனுப்பினாள். திரும்பி வந்தது. அதற்கடுத்த வாரமும் அனுப்பினாள். "இந்தம்மா விட மாட்டாங்க போல" என்று சசிதர் யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு வந்தது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

புது போர்டு வெளியே போனது. விலை குறைந்த சிப். பழையது அறுபத்துநான்கு பிட், இது முப்பத்திரண்டு, அதாவது ஓர் எண்ணுக்கு இடம் பாதிதான். தாராபுரம் சுற்றுவட்டாரத்துக்குத்தான் முதலில் அனுப்பினார்கள்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம், சாப்பாடு முடிந்து ஆட்கள் சீட்டுக்குத் திரும்பும் நேரம். வாசல் பக்கம் சத்தம் கேட்டது. தம்பிதுரை வந்திருந்தான். தாராபுரம் பகுதியில் பெட்டிகளை மாட்டிக்கொடுக்கிறவன். முப்பது வயது இருக்கும். வழக்கமாக அதிர்ந்து பேசாதவன், அன்றைக்கு ரிசப்ஷன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாட்டுனதத்தானுங்க மாட்டுனேங்கறேன். ஒவ்வொரு கெணத்துலயும் எங்கையால சென்சார் ஒயரு மாட்டியிருக்கேனுங்க. மாட்டலீன்னு எப்படிங்க சொல்லுவீங்க?"

எதிரே சர்வீஸ் மேனேஜர் ரங்கராஜ் நின்றார். "நானா சொல்றேன்? பெட்டி சொல்லுது. உன்ற ஏரியால இருக்கற பெட்டி பூரா சூடு சைபர்னு அனுப்புது. ஒயர் மாட்டாம சைபர் வராது. அதனாலதான் மோட்டார் நின்னு நின்னு போகுது. சனங்க டீலரப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கறாங்க."

"என்னைய வேலைக்கு வராதேங்கறீங்க. டீலருகிட்ட நாந்தான் திருட்டு வேலை பாத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. அப்பறம் நான் ஊருக்குள்ள எப்படிங்க நடமாடறது?"

லோகப்பிரியாவுக்கு 'சைபர்' என்ற சொல் காதில் ஒட்டிக்கொண்டது. ரங்கராஜை அவருடைய மேஜைக்கு அழைத்துப் போனாள். "அந்த லாக்கைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

ரங்கராஜ் வேண்டாவெறுப்பாகத் திரையைத் திருப்பினார். வரிசையாக சைபர்கள். கீழே போகப்போக சில பெட்டிகளில் ஒன்று என்று இருந்தது.

"சார், தாராபுரத்துல சித்திரை வெயில்ல ஒரு டிகிரியாங்க?"

"ஒயர் காத்துல தொங்குனா ஏதோ ஒரு நெம்பர் வருமுங்க அம்மணி."

"ஏதோ ஒண்ணு வரலீங்களே. எல்லாத்துலயும் அதே ஒண்ணுதான் வருது. இந்த ஒண்ணு காட்டற பெட்டியெல்லாம் விடாம ஓடி எத்தன நாளாச்சுங்க?"

ரங்கராஜ், ஒவ்வொரு பெட்டியும் கடைசியாக எப்போது நின்று கிளம்பியது என்று லாக் வந்த தேதிகளை வைத்து எண்ணிப் பார்த்தார். ஏழு வாரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய பெட்டிகள் ஒன்று காட்டின. அதற்குக் குறைவாக ஓடியவை சைபர் காட்டின. இந்த லாக்கை அச்சிடும் வரி லோகப்பிரியாவின் நினைவுக்கு வந்தது. அந்த வரியை அவளுக்குத் தெரியும். அவள் திருத்தி அனுப்பி, மூன்று முறையும் திரும்பி வந்த வரிகளில் அதுவும் ஒன்று.

பெட்டி ஓடிய நேரம் மில்லிசெகண்டில் எண்ணப்படும் பெரிய எண். எழுதியவர் அதற்கு %llu போடாமல் %d போட்டிருந்தார். சூட்டுக்கு அடுத்த %d. பழைய போர்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முழு இடம் என்பதால், நேரத்தைத் தப்பாகப் படித்தாலும் சூடு தன் இடத்தில் சரியாகக் கிடைத்துவிடும். புது போர்டில் அந்தப் பெரிய எண் இரண்டு துண்டாகப் போகும். முதல் %d கீழ்த்துண்டை எடுக்கும். சூட்டை எடுக்க வேண்டிய இரண்டாவது %d, மேல்துண்டை எடுத்துக்கொள்ளும். உண்மையான சூடு எடுக்க ஆளில்லாமல் அங்கேயே கிடக்கும். மேல்துண்டு ஏழு வாரம் வரை சைபர். கீழ்த்துண்டு நிரம்பி வழிந்ததும் ஒன்று.

"தம்பிதுரையப் போக விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஒரு புது போர்டையும் சென்சாரையும் எடுத்துக்கொண்டு கேன்டீனுக்கு நடந்தாள். சசிதரையும் வரச் சொல்லி ஹுமேராவை அனுப்பினாள்.

கேன்டீன் மேஜையில் ஆவி பறக்கும் ஒரு தம்ளர் டீ. அதற்குள் சென்சாரை முக்கினாள். மடிக்கணினித் திரையில் லாக் வரிகள் ஓடின. சூடு சைபர். சூடு சைபர்.

"ஒயரு மாட்டியிருக்குதுங்களா சார்?" என்று ரங்கராஜைக் கேட்டாள்.

"மாட்டித்தான் இருக்குது" என்றார் அவர், குரல் இறங்கி.

அதே இடத்தில் உட்கார்ந்து அந்த வரியில் ஒரேயொரு %d-யை %llu என்று மாற்றினாள். கம்பைல் செய்து ஏற்றி, ஆறிப்போன டீக்குப் பதில் வேறு டீ வாங்கி முக்கினாள். சூடு அறுபத்தெட்டு. தம்பிதுரை திரையைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இதோடு முடிந்திருந்தால் இது சின்ன விஷயம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற சசிதர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்ல வேலை லோகா. அடுத்த அப்டேட்டோட சத்தமில்லாம இதை அனுப்பிடுவோம். மாற்றக் குறிப்புல 'லாக் வரி சீர்செய்தல்'னு மட்டும் போடுங்க. தம்பிதுரைய உடுமலைப்பேட்டை ஏரியாவுக்கு மாத்திக்கலாம். டீலர்கிட்ட நாம ஒண்ணு சொல்லிட்டோம், அதைக் கிளற வேண்டாம்."

லோகப்பிரியா உட்காராமல் நின்றாள்.

"அவரு ஏனுங்க சார் ஊரு மாறிப் போகணும்? ஒயர மாட்டுனவரு. தப்புப் பண்ணுனது நாம."

"நாம பண்ணலீங்க, யாரோ எப்பவோ எழுதின வரி."

"எழுதுனது யாரோவா இருக்கட்டுமுங்க. வார்னிங்க மூடி வெச்சது இந்தக் கம்பெனி. நான் மூணு தடவ அனுப்புனப்பத் திருப்பி அனுப்புனது நீங்க."

சசிதரின் முகம் சிவந்தது. அவள் நிறுத்தவில்லை. கெர்னல் கோடில் ஒரு மாற்றம் போகும்போது, அடியில் அதற்குப் பொறுப்பேற்பவர் பெயர் இருக்கும். "சீர்செய்தல்னு எழுதுனா கீழ என் பேரு வராதுங்க. என்ன தப்பு, எதனால சூடு சைபர்னு வந்துச்சு, சென்சாரெல்லாம் ஒழுங்காத்தான் மாட்டியிருந்துச்சு, இதெல்லாம் இருந்தாத்தான் என் பேரு வரும். டீலருக்கும் அதே சொல்லணும். மத்த இருநூறு வரியும் இதே கூத்துதான். வார்னிங்கத் தொறந்து விடணும்."

"நீங்க எனக்கு கண்டிஷன் போடறீங்களா?"

"ஆமாங்க சார்."

மறுநாள் அவளை டெஸ்ட் பெஞ்சுக்கே திருப்பி அனுப்பினார்கள். திருத்தம் வேறொருவர் கைக்குப் போனது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது கிருபாசங்கர் தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டான்: "வேலை போயிருமா அம்மணி?"

"போனாப் போகுதுங்க."

"போனா நம்ம பட்டறைக்கு வந்துரு. பேசறதுக்கு ஆளில்லாம கெடக்கறேன்."

"அங்க உங்ககூடச் சண்ட வந்தா அப்பறம் எங்க போறதுங்க?" என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்ததும் கண் கலங்கியது. டெஸ்ட் பெஞ்சிலிருந்து எழுந்து வர அவளுக்கு மூன்று வருஷம் பிடித்திருந்தது. அது அவளுக்கு வலிக்காமல் இல்லை.

ஆனால் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தபோது சசிதர் ஒன்றை மறந்துவிட்டார். பெஞ்சில் இருப்பவர் தேறியது என்று சொல்லாமல் எந்த மென்பொருள் வெளியீடும் கம்பெனியை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி போட்டவரே அவர்தான். தரச்சான்று வாங்கும்போது நாலு பேருக்கு முன்னால் பெருமையாகச் சொன்ன விதி.

அடுத்த வெளியீடு அவள் மேஜைக்கு வந்தது. அந்த வேறொருவர், பெரிய எண்ணை int என்று வெட்டி வார்னிங்கை மறைத்திருந்தார். சூடு சரியாக வந்தது. ஆனால் பெட்டி ஓடிய நேரம், சில வாரங்களுக்குப் பிறகு கழித்தல் குறியோடு வந்தது. கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து ஓட்டி, அதைக் காட்டினாள். தேறாது என்று எழுதினாள். அடுத்ததில் நேரம் சரியானது, நினைவக முகவரி ஒன்று தப்பாக அச்சானது. தேறாது. அதற்கடுத்ததிலும் வார்னிங்குகள் மூடித்தான் இருந்தன. தேறாது.

ரங்கராஜ் வந்து கெஞ்சிப் பார்த்தார். "அம்மணி, கொஞ்சம் விட்டுக் குடுங்க. எல்லாருக்கும் பொழப்பு ஓடணுமில்ல?"

"தம்பிதுரைக்கும் பொழப்பு ஓடணுமுங்கல்ல சார்?"

தம்பிதுரை மீதான குற்றச்சாட்டைத் தன் கையால் எழுதிக் கொடுத்தவர் ரங்கராஜ். "நான் பெட்டிய நம்பினேனுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சாக்குச் சொல்வது போலத் தெரியவில்லை. பிறகு அவரே சசிதரின் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் கழித்து சசிதர் பெஞ்சுக்கு வந்து, அவளுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க வார்த்தையிலயே எழுதுங்க" என்றார். "வார்னிங் வந்தா கம்பைலே ஆகக்கூடாதுன்னு வெச்சிடுங்க. போதுமா?"

"டீலருக்கு?"

"சொல்றேன்."

"தம்பிதுரைக்கு?"

"அதையும் நானே சொல்றேன்."

சசிதர் தம்பிதுரையிடம் போனில் சொன்னபோது அவன் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "வாரேனுங்க. ஆனா டீலருகிட்டச் சொன்னா மட்டும் பத்தாதுங்க. எந்தெந்தத் தோட்டத்துல என்னைய ஏமாத்துக்காரன்னு சொன்னாங்களோ, அங்க வந்து ரங்கராஜ் சார் சொல்லட்டுமுங்க" என்றான். அதைக் கேட்டபோது லோகப்பிரியாவுக்கு, தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது போல இருந்தது.

ரங்கராஜ் போனார். லோகப்பிரியாவும் தம்பிதுரையும் கூடப் போனார்கள். முதலில் போனது வள்ளியாத்தாளின் தோட்டம். ஐம்பது வயதுக்காரி, வெங்காயம் போட்டிருந்தாள். ரங்கராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒயரை இந்தத் தம்பி ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார், எங்கள் பெட்டிதான் தப்பாகச் சொன்னது என்று.

வள்ளியாத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தத் தம்பிய என்ற காட்டுக்குள்ள காலே வெக்கக்கூடாதுன்னு தொரத்தி உட்டுப்போட்டேனே. நாலு பேரு பாக்கத் தொரத்துனேன். நீங்க இத்தன நாளு கழிச்சு வந்து பெட்டி தப்புங்கறீங்க?" பிறகு தம்பிதுரையிடம், "ஏஞ்சாமி, மனசுல வெச்சுக்காத. ஊட்டுக்குள்ள வா, மோர் குடிச்சுப்போட்டுப் போலாம்" என்றாள். உடனே லோகப்பிரியா பக்கம் திரும்பினாள். "ஒயரு செரியா இருந்தா என்ற மோட்டாரு எதுக்குக் கண்ணு நின்னுச்சு?"

திருத்திய வரி பெட்டிக்கு ஏற்றப்பட்டிருந்ததால், இப்போது லாக் உண்மையைச் சொன்னது. மத்தியானம் சுற்றிலும் எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி, மோட்டார் நிஜமாகவே சூடாகியிருந்தது. பெட்டி செய்ய வேண்டியதைத்தான் செய்திருந்தது. ஓட்டும் நேரத்தைக் காலைக்கு மாற்றச் சொன்னாள் லோகப்பிரியா. அதன் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து புகார் வரவில்லை.

லோகப்பிரியா மறுபடி டிரைவர் குழுவுக்கு வந்தாள். மிச்சமிருந்த வரிகளை அவளும் ஹுமேராவும் சேர்ந்து முடித்தார்கள். சசிதர் அவளிடம் முன்போலச் சகஜமாகப் பேசுவதில்லை. அவளும் அதற்காக வருத்தப்பட்டுக் குழையவில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில், கம்பெனி முழுதுக்குமான கம்பைல் பாதியில் நின்றுவிட்டது. எல்லார் வேலையும் தேங்கியது. யாருடைய வரி என்று பார்த்தால், லோகப்பிரியாவுடையது. தகவலைத் தேக்கி வைக்கும் நினைவகப் பகுதி ஒன்றின் அளவை அச்சிட %zu போட வேண்டிய இடத்தில், சாதாரண எண்ணுக்கான %u போட்டிருந்தாள். புது போர்டில் அது ஒத்துப்போனது. பழைய போர்டில் ஒத்துப்போகவில்லை. அறையில் யாரோ கைதட்டினார்கள். ஹுமேரா விசில் அடித்தாள். தன் அறைக் கதவருகே வந்து நின்ற சசிதர், "இப்ப என்னங்க லோகா, வார்னிங்கை மூடிரலாமா?" என்று கேட்டார்.

லோகப்பிரியாவுக்கு முகம் சூடானது. எழுந்து நின்று எல்லாரையும் பார்த்தாள்.

"என்னையும் புடிக்கத்தானுங்க அதத் தொறந்து வெச்சது. அஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தாள்.